நன்னி வச்ச நிய்யத்து, ஏர்வாடி ஜியாரத்து

எங்க அம்மாவோட அம்மா, நன்னிக்கு, மௌத்தாகுற வரைக்கும் ஒரே பேச்சுதான், ஏர்வாடி தர்காவுல ஒரு போர்வை பாக்கி கெடக்கு, பாக்கி கெடக்குன்னு. பெரிய மாமாவுக்கு புத்தி தெளிஞ்சா அவனையே தலையில சுமக்க வச்சு அங்க அடங்கியிருக்குற பாதுஷா நாயகம் சுல்தான் சையது இப்ராஹிம் ஷஹீதுக்கு போர்வை போத்துறேன்னு நேந்து நிய்யத்து வச்சவங்க. மாமா தெளிஞ்சு, கல்யாணமாகி, புள்ளகுட்டியும் ஆயிருச்சு, ஆனா இந்தா அந்தான்னு தள்ளிப்போயி நன்னி போய்ச் சேந்துட்டாங்க. அந்தக் கடனை இப்பதான் அடைச்சோம், அல்ஹம்துலில்லாஹ்.

மதுரைல இருந்து பரமக்குடி, ராமநாதபுரம், கீழக்கரை வழியா கார்ல. (மேப்ல ஏர்வாடின்னு மட்டும் போடாதீங்க, திருநெல்வேலி பக்கமும் ஒரு ஏர்வாடி இருக்கு, அங்க கொண்டு போய் விட்டுரும்.) சின்ன மாமா தவ்ஹீத் பக்கம், அல்லாஹ்கிட்ட மட்டும்தான் கேக்கணும்ங்கிறவரு, தர்காவுக்கெல்லாம் வரமாட்டேன்னுட்டாரு, ஆனா டீசலுக்குன்னு அம்மா கையில காசை திணிச்சிருக்காரு, அவரு நிய்யத்து அவருக்கு. ராம்நாடு தாண்டுனா ரெண்டு பக்கமும் சீமைக்கருவையும் பனையும்தான், வெயில் மண்டையைப் பொளக்குது.

வியாழக்கிழமைதான் போகணும்னு அம்மா ஒரே பிடிவாதம், கூட்டத்தைக் கேக்கவா வேணும். காரை விட்டு கால் கீழ வைக்கல, ரூம் வேணுமா, ஃபாத்திஹா ஓதணுமா, எங்க ஆளு இருக்காருன்னு நாலு பேரு கையப் பிடிச்சு இழுக்குறான். போர்வை கடைல சொன்ன விலைய கேட்டு அம்மா அந்தாண்ட நடந்தாங்க பாருங்க, பின்னாடியே ஓடிவந்து பாதி விலைக்கு குடுத்தான். செருப்பு பாத்துக்குற ஆளுகூட நோட்டுதான் கேக்குறான், சில்லறையை மொறைக்கிறான். நேந்துக்கிட்டு வர்ற ஏழை பாழைங்ககிட்ட இப்படி புடுங்குனா அந்தக் காசு தங்குமா சொல்லுங்க.

உள்ள ஃபாத்திஹா ஓதிக் குடுக்குற ஒரு வயசான லெப்பை கெடச்சாரு, எவ்வளவுன்னு வாயத் தொறந்து கேக்கல, நிதானமா சரித்திரம் சொன்னாரு. பாதுஷா நாயகம் மதீனாவுல சுல்தானா இருந்தவங்க, ரசூலுல்லாஹ் கனவுல வந்து உத்தரவு குடுத்ததால 12ம் நூற்றாண்டுல படையோட இந்தப் பக்கம் வந்தாங்களாம். மதுரைல திருப்பாண்டியன், நெல்லைல குலசேகர பாண்டியன், பௌத்திரமாணிக்கபட்டினத்துல விக்ரம பாண்டியன், இந்த மூணு பேரோடயும் சண்டை, அதுல விக்ரம பாண்டியனை ஜெயிச்சு இங்கயே ஆட்சியும் செஞ்சு, அப்புறம் அவன் திரும்பப் படை தெரட்டிட்டு வந்தப்ப சண்டைல உயிர விட்டு ஷஹீதானாங்கன்னு சொன்னாரு. பின்னால சேதுபதி ராஜா புள்ள வரம் கேட்டு, கெடச்சதும் தர்காவுக்கு நெலம் எழுதி வச்ச கதையும் சொன்னாரு. இதெல்லாம் சின்ன வயசுல இருந்து கேட்டதுதான், ஆனா ஒண்ணு இந்த தடவதான் மனசுல பட்டுச்சு. சுல்தான்னு சொல்றோம், படைத்தலைவர்னு சொல்றோம், வந்தது தனியா இல்ல, தாயார் ஃபாத்திமா அம்மா, தங்கச்சி ராபியாம்மா, மச்சான், மகன் அபூதாஹிர் நாயகம்னு குடும்பமே இந்த மண்ணுலதான் அடங்கியிருக்காங்க. பெத்த மகனை சண்டைல பறிகுடுத்த மனுஷன்கிட்டதான நம்ம புள்ளைங்க கஷ்டத்தைப் போய் சொல்றோம்.

நன்னி கபுருகிட்ட நின்னு ஜியாரத்து பண்ற முறையே தனி. பாதுஷாகிட்ட கேக்குறதுக்கு முந்தி அவுங்க அம்மாகிட்ட சொல்லிருவாங்களாம், சுல்தானா இருந்தாலும் பெத்தவ சொன்னா கேட்டுத்தான ஆகணும்னு.

தாம்பாளத்துல போர்வை, மேல மல்லியப்பூ, சர்க்கரை, ஊதுபத்தி, மாமா தலையில சுமந்துக்கிட்டு நடக்குறாரு, கூட்டம் நெருக்குது, நானும் அம்மாவும் ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கிட்டோம். போர்வை போத்தியாச்சு, லெப்பை மயில்தோகைய தலையில வச்சு யார் பேருக்கு துஆ கேக்கணும்னாரு. மாமா எங்கம்மாவுக்குன்னாரு, அதுக்கு மேல வார்த்தை வரல. பாதுஷா நாயகத்துக்கு முன்னாடி அம்பத்தஞ்சு வயசு மனுஷன் சின்னப்புள்ள மாதிரி தேம்பித் தேம்பி அழுவுறாரு, பக்கத்துல நின்ன யாரோ ஒரு அம்மா, நெத்தியில குங்குமம், அவுங்களும் சேந்து அழுவுறாங்க. என்னால எதுவும் ஓத முடியல, குர்ஆன்ல யாசீன் சூரா ஓத ஆரம்பிச்சது பாதில நின்னுபோச்சு.

வெளிய வந்து ஒரு தூணுகிட்ட நின்னு மாமா சொன்னாரு, "இங்கதான்டா மாப்ள படுத்திருப்போம். நான் ராத்திரி எந்திரிச்சு ஓடிருவேன்னு அம்மா முந்தானைய என் கையில கட்டிக்கிட்டுத்தான் தூங்கும்." சங்கிலி போட்டு இங்க இருந்த மனநோயாளி காப்பகத்துல விட்டுருங்கன்னு எத்தனையோ பேரு சொல்லியும் நன்னி கேக்கலையாம். 2001 ஆகஸ்ட் 6 விடியக்காலைல ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடிச்சு, சங்கிலில கெடந்தவங்க ஓட வழியில்லாம 28 பேரு போனாங்கள்ல, அதுக்கு கொஞ்சம் முந்திதான் இவுங்க ஊருக்குத் திரும்பியிருக்காங்க. நியூஸைப் பாத்துட்டு நன்னி அன்னைக்கு பச்சத்தண்ணி குடிக்கலையாம். அந்த காப்பகங்களையெல்லாம் அப்புறம் மூடிட்டாங்க. இப்ப தர்காவுக்கு வர்றவங்களுக்கு டாக்டர் பாத்து மாத்திரையும் குடுக்குறாங்க, துஆவும் மருந்தும் ஒண்ணா. அப்பவே இது இருந்திருந்தா...

யா அல்லாஹ், எங்க மாமாவ திருப்பிக் குடுத்தியே, இன்னைக்கும் ராத்திரி மறக்காம மாத்திரை போட்டுக்குற புத்திய குடுத்தியே, உன் நேசர் வாசல்ல எங்க நன்னிய கைவிடாம வச்சிருந்தியே, எதைச் சொல்லி சுக்ரு செய்யுறது, அவுங்க கபுரை வெளிச்சமாக்கு ரப்பே, அங்க இன்னும் புள்ளைங்கள வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்குற எல்லா தாய்மாருக்கும் லேசாக்கிக் குடு. தர்கா பக்கத்துல இருக்குற காட்டுப்பள்ளிக்கும் போயி ஓதிட்டு வந்தோம், அதையெல்லாம் எழுதுற நெலமைல நான் இல்ல.

துல்கஃதா மாசம் நடக்குற சந்தனக்கூடு விழாவுக்கு வரணும்னு வண்டிலயே மாமா ஆரம்பிச்சுட்டாரு. அந்தக் கூட்டத்துக்கு நான் வரல மாமான்னேன். "நீ காரை மட்டும் ஓட்டு மாப்ள, மத்ததை நான் பாத்துக்குறேன்"ங்கிறாரு.