கொப்புள நோய்க்கு 350 ரூபாய்

கோத்தகிரியில் ஒரு வாரமாக மழை, மூடுபனி. தேயிலைத் தளிரெல்லாம் கொப்புள நோய். ராத்திரி 350 ரூபாய் கட்டி ஒரு பிடிஎஃப் கையேடு வாங்கினேன். 40 பக்கத்தில் 12 பக்கம் தேயிலையின் வரலாறு, அது யாருக்கு வேண்டும்? உருப்படியானது ஒரே பக்கம்: எக்ஸோபசிடியம் வெக்ஸான்ஸ் என்ற பூஞ்சை, இளந்தளிரைத்தான் பிடிக்கும், இலை ஈரம் காயாவிட்டால் பரவும். நிழல் மரத்தைக் கழித்து வெயில் விடணும், கொழுந்து பறிப்பைத் தள்ளிப்போடக் கூடாது, காப்பர் ஆக்ஸிகுளோரைடு தெளிக்கணும்.

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "சில்வர் ஓக் கிளையை வெட்டுன்னு சித்திரையிலேயே சொன்னேனே" என்றார்.

வேளாண் பல்கலைக்கழகத் தளத்தில் பயிர்ப் பாதுகாப்புக் குறிப்புகள் தமிழிலேயே இலவசமாக இருப்பதை அப்புறம்தான் பார்த்தேன். சரி, பணத்தைத் திரும்பக் கேட்கலாமென்றால், டவுன்லோட் ஆகிவிட்டால் கிடையாதாம். படங்கள் மட்டும் அருமை.