அவன் எங்கே நிற்கிறான்?

இந்த மலருக்கு நூலகத்தைப் பற்றி எழுதுவதாகத்தான் ஒப்புக்கொண்டிருந்தேன். பாதி எழுதியும் வைத்திருந்தேன். அதற்குள் நம் இயற்பியல் ஆசிரியர் மறைந்த செய்தி பழைய மாணவர் சங்கச் செயலாளரின் மின்னஞ்சலில் வந்தது. அதன்பின் வேறு எதையும் எழுத முடியவில்லை.

நம் வகுப்பின் கையெழுத்துப் பத்திரிகையை மறந்திருக்க மாட்டீர்கள். அதில் தொடர்கதை எழுதியவன் நான். என் நாயகனுக்கு ஆயிரம் யானை பலம். மூன்றாவது இதழில், அடைபட்டுப்போன ஆற்றுக்கு வழிவிட ஒரு மலையைத் தூக்கிப் பிடித்தான். அந்த இதழ் எப்படி ஆசிரியர் கைக்குப் போனது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கடைசிப் பாடவேளையில் அதைக் கையில் பிடித்தபடி வந்தார். அந்தப் பக்கத்தை உரக்கப் படித்துவிட்டு, சுண்ணக்கட்டியை என்னிடம் நீட்டினார்.

“மலை எவ்வளவு உயரம்?”

ஒரு கிலோமீட்டர் என்றேன். அடியின் ஆரமும் ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள், கூம்பின் கன அளவைப் போடு என்றார். ஏறத்தாழ 105 கோடி கனமீட்டர். பாறை ஒரு கனமீட்டர் 2.7 டன். மலை 283 கோடி டன். பெரிய ஆண் யானை ஒன்று 5 டன் என்றால், என் நாயகன் தூக்கியது ஏறத்தாழ 57 கோடி யானைகளின் எடை. “ஆயிரம் போதாது போலிருக்கிறதே” என்றார். வகுப்பு சிரித்தது.

பத்து மீட்டர் உயர்த்தத் தேவைப்படும் ஆற்றலையும் போடச் சொன்னார். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 66,000 டன் டிஎன்டி வெடிமருந்தின் வெடிப்புக்குச் சமம். ஹிரோஷிமாவில் விழுந்த குண்டின் வெடிப்பு ஏறத்தாழ 15,000 டன். நாலு குண்டுக்கும் மேலே! எனக்குள் ஒரு பெருமிதம் எழுந்தது. என் நாயகன் சிறுத்துப்போகவில்லை, வளர்ந்திருந்தான். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

“சரி. அவன் எங்கே நிற்கிறான்?”

“தரையில், ஐயா.”

“செருப்பைக் கழற்று.”

வரைபடத் தாளின் மேல் என்னை ஏறி நிற்கச் சொன்னார். பாதம் ஒரு தாளுக்குள் அடங்காததால் இரண்டை ஒட்டினார்கள். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, முன்வரிசைப் பையன் ஒருவன் குனிந்து என் பாதங்களைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டான். பாதங்கள் அழுக்காக இருந்தன. கட்டங்களை நானே சத்தமாக எண்ண வேண்டும். அரைக்கு மேல் உள்ள கட்டம் ஒன்று, அரைக்குக் கீழ் விட்டுவிடு. இரண்டு பாதமும் சேர்ந்து 400 சதுர சென்டிமீட்டர். நான் எண்ணி முடிப்பதற்குள் பின்வரிசையில் என் குரலைப் போலவே எண்ணத் தொடங்கியிருந்தார்கள். அவர் அதட்டவில்லை. அதட்டியிருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

283 கோடி டன்னை 400 சதுர சென்டிமீட்டரில் நிறுத்தினால் வரும் அழுத்தம், பூமியின் மையத்தில் இருப்பதைப்போல் ஏறத்தாழ 1,900 மடங்கு. பாறை சேறாக விலகிவிடும். மலை மேலே போகாது, அவன்தான் கீழே போவான்.

மறுநாள் அவர் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். இரவு உட்கார்ந்து என் நாயகனுக்காகக் கணக்குப் போட்டிருந்தார். நல்ல கருங்கல் ஒரு சதுர மீட்டருக்கு 20,000 டன் வரை தாங்கும். ஆகவே அவன் பாதங்களுக்கு 376 மீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரத்தின் பரப்பு வேண்டும். கீழே மலைக்கும் அதே கணக்கு. தன் அகன்ற அடியின்மேல் அது சதுர மீட்டருக்கு 900 டன்தான் சுமத்துகிறது, அதனால் நிற்கிறது. அன்று நான் அந்தத் தாளைப் படிக்காமலே மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தேன். கதையையும் நிறுத்திவிட்டேன்.

அவர் நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பாடம் முடிந்து மிஞ்சிய நேரமெல்லாம் மதிப்பீடுதான். 1945 ஜூலை 16 அன்று முதல் அணுகுண்டு சோதனையில் இயற்பியலாளர் பெர்மி காகிதத் துண்டுகளைக் கையிலிருந்து நழுவவிட்டதையும், வெடிப்பலை அவற்றை இரண்டரை மீட்டர் தள்ளியதைக் கொண்டே குண்டின் வெடிப்பு 10,000 டன் டிஎன்டி என்று சொன்னதையும் அங்கேதான் கேட்டோம். உண்மை அளவு 20,000 டன்னுக்கும் மேல். ஆனால் கையில் இருந்தது வெறும் காகிதம். “முதலில் எத்தனை பூச்சியம் என்று கண்டுபிடி, மற்றது பிறகு” என்பார். அந்த நாட்களில் அவரோடு நான் பேசவே இல்லை. ஒருமுறை மாடிப்படியில் நிறுத்தி, “அடுத்த அத்தியாயம் எங்கே?” என்று கேட்டார்.

“கதை முடிந்துவிட்டது, ஐயா.”

சற்று நேரம் நின்றார். பிறகு படியிறங்கிப் போனார். அவர் உண்மையாகவே படிக்க ஆசைப்பட்டுத்தான் கேட்டார் என்பது எனக்கு உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

நாட்டைவிட்டு வந்தபோது அவரிடம் விடைபெறவில்லை. இங்கே கட்டிட அடித்தளங்களைக் கணக்கிடுவதே என் வேலையாக அமைந்தது. எந்த வரைபடம் மேசைக்கு வந்தாலும் எத்தனை மாடி என்று பார்ப்பதற்கு முன் மண் ஆய்வு அறிக்கையைத்தான் கேட்கிறேன். இதை அவருக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதத் தொடங்கிய கடிதங்கள் உண்டு.

என் மகள் இப்போது படக்கதை நாயகர்களின் பலத்தை டிஎன்டி டன்னில் அளக்கிறாள். உலகமெங்கும் அவளைப்போல் இளைஞர்கள் இருக்கிறார்கள், அழகாகச் செய்கிறார்கள். நூறு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பெண்ணை நாயகன் அரை மீட்டருக்குள் பிடித்து நிறுத்துகிறான். அவன் கையின் விசையைக் கண்டுபிடித்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். நூறை அரையால் வகுத்தாள்: புவியீர்ப்பைப்போல் 200 மடங்கு. வெகுநேரம் பேசாமல் இருந்தாள். நான் சிரிக்கவில்லை. அடுத்த கதையை எனக்குக் காட்டு என்று மட்டும் சொன்னேன்.

செய்தி வந்த இரவு மகளின் வரைபடத் தாள்கள் இரண்டை ஒட்டி, செருப்பைக் கழற்றி ஏறி நின்றேன். அவர் கொடுத்த தாள் எந்த வீடு மாறியபோது தொலைந்ததோ தெரியவில்லை. மகள் கோடு போட்டாள். வயதோடு பாதம் அகன்றிருக்கிறது: 426 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் 1,900 மடங்கிலிருந்து 1,800 ஆகக் குறைந்தது. பூச்சியங்கள் மாறவில்லை.

அரைக்கட்டங்களை எப்படி எண்ணினாய் என்றுதான் முதலில் கேட்டிருப்பார். அரைக்கு மேல் ஒன்று, அரைக்குக் கீழ் விட்டுவிட்டேன், ஐயா.