பெயர் கூப்பிடும் நேரம்

2024 ஜூலை 26, வெள்ளி மாலை

இன்றிரவு பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழா. அங்கே மாலை 7.30, இலங்கையில் நமக்கு இரவு 11 மணி. பகல் முழுக்கக் கச்சான் காற்று. வாசலைக் கூட்டி முடிக்க மறுபடி புழுதி. தங்கச்சியின் மகள் தலையணையோடு வந்துவிட்டாள். வயது பதினொன்று. விடியும்வரை முழித்திருப்பாளாம்.

இந்த முறை வீரர்கள் மைதானத்துக்குள் நடந்து வரப்போவதில்லை. ஆஸ்டர்லிட்ஸ் பாலத்தடியிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீற்றர், செய்ன் நதியில் படகுகளில் வருகிறார்கள். கேட்டதும் எனக்கு மனம் ஒப்பவில்லை. இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு அணிநடை பழக்கியவள் நான். கை ஒரே உயரத்துக்கு எழவேண்டும், பிரதம விருந்தினரைத் தாண்டும்போது எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பவேண்டும். படகில் நின்று கையசைப்பது எப்படி அணிநடை ஆகும்?

ஜூலை 27, சனி

மூன்று மணி தாண்டித்தான் படுத்தேன். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அங்கே நல்ல மழை. முதலில் கிரேக்கம், அடுத்து அகதிகள் அணி, கடைசியில் பிரான்ஸ். 85 படகுகள். மழையங்கிக்குள் நனைந்துகொண்டே பிள்ளைகள் துள்ளுகிறார்கள். கரையில் சனம் குடை பிடித்து நிற்கிறது, ஆனால் கலையவில்லை. அதைப் பார்த்தபோது திருகோணமலைக் கோணேசர் தெப்பத்தில் கடலில் வரும் இரவுதான் நினைவுக்கு வந்தது. கரையில் நின்று, வெளிச்சம் தெரிகிறதா என்று இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்போமே, அந்தக் காத்திருப்பு. சரி, நீரில் வருவதும் ஊர்வலம்தான். நேற்று எழுதியதை மாற்றிக்கொள்கிறேன்.

"எங்கட படகு எப்ப வரும் பெரியம்மா?" என்று கேட்டுக்கேட்டே பிள்ளை தூங்கிப்போனாள். பிரெஞ்சு அகரவரிசையில் இலங்கை வெகுநேரம் பொறுக்கவேண்டும். பெயர் வந்ததும் உலுக்கி எழுப்பினேன். நம்மவர்கள் ஆறே பேர். கொடி பிடித்தவர்கள் பட்மின்டன் வீரர் விரேன் நெத்தசிங்கவும் நீச்சல் வீராங்கனை கங்கா செனவிரத்னவும். சில நொடிதான், படகு போய்விட்டது. "சிங்கக் கொடி கண்டனான்" என்று சொல்லிவிட்டு மறுபடி சரிந்துவிட்டாள். நூற்றுக்கணக்கில் ஆட்களைக் கொண்டுவந்த நாட்டையும் ஆறு பேர் வந்த நாட்டையும் ஒரே மாதிரிப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். எனக்கு அது போதும்.

ஒலிம்பிக் கொடியைத் தலைகீழாக ஏற்றிவிட்டார்கள். எனக்கு நெஞ்சு பதறியது. கம்பத்தடியில் கொடியோடு நின்றிருக்கிறேன், அந்தக் கைகளின் நடுக்கம் எனக்குத் தெரியும்.

கடைசிச் சுடர்தான் அழகு. 1948 லண்டன் போட்டியில் தங்கம் வென்ற சைக்கிள் வீரர் ஷார்ல் கோஸ்ட், நூறு வயது, சக்கர நாற்காலியில் இருந்தபடி தீபத்தைக் கொடுத்தார். நம்முடைய தடைதாண்டி ஓட்ட வீரர் டங்கன் வைட் வெள்ளி வென்றதும் அதே லண்டனில்தான். கோஸ்டிடம் தீபத்தை வாங்கிய ஓட்ட வீராங்கனை மரி ஜோசே பெரெக்கும் ஜூடோ வீரர் டெடி ரினேரும் ஏற்ற, ஒரு பெரிய பலூன் வளையத்தைத் தூக்கிக்கொண்டு மேலே போனது. அந்த வளையத்தில் நெருப்பே இல்லையாம். மெல்லிய நீர்த்துளி மூட்டத்தில் மின்விளக்கை அடித்துத் தீயாகக் காட்டியிருக்கிறார்கள்.

ஜூலை 28, ஞாயிறு

சுடர் என்றதும் பழையதொன்று. ஒரு மாசி மாதம், எங்கள் போட்டியில் ஒரு பிள்ளை தீபத்தோடு ஓடிவரும்போது வாடைக் காற்றில் தீ அணைந்துவிட்டது. தகரக் குவளைக்குள் மண்ணெண்ணெய்த் துணி. அதைச் சரியாக நனைக்காதது என் பிழை. அவள் நிற்கவில்லை, தலையைக் குனியவுமில்லை. புகையும் தடியைத் தூக்கிப் பிடித்தபடி முழு வட்டமும் ஓடி வந்து சேர்ந்தாள். கற்பூரம் போட்டு ஏற்றினோம்.

2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் ஓட்ட வீராங்கனை கேத்தி ஃப்ரீமன் ஏற்றிய தீ வளையம் பாதி வழியில் சிக்கி நின்றது. கீழே நனைந்த உடையோடு அவர் அசையாமல் காத்திருந்தார். அதைப் பார்த்தபோதும் எனக்கு இந்தப் பிள்ளைதான் கண்ணில் நின்றாள்.

ஓகஸ்ட் 12, திங்கள்

நிறைவு விழா நமக்கு நள்ளிரவு தாண்டி. நமக்குப் பதக்கமில்லை, 400 மீற்றரில் அருண தர்ஷன அரையிறுதி வரை ஓடினார். நிறைவு விழாவில் நாடு பிரித்து நிற்காமல் எல்லோரும் கலந்து வருவது 1956 மெல்பேர்னில் தொடங்கியது. ஜோன் இயன் விங் என்ற பதினேழு வயதுப் பையன் எழுதிய கடிதம்தான் அதற்குக் காரணம். ஒரு பையனின் சொல்லை அத்தனை பெரியவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

காலையில் பழைய மாணவி ஒருத்தியின் தொலைபேசி. இப்போது அவளும் விளையாட்டு ஆசிரியை. "டீச்சர், அடுத்த முறை அணிநடையை எடுத்துவிடலாம் எண்டு சொல்லுறாங்கள். வெயில், நேரம் போகுது எண்டு." எனக்குக் கோபம் வந்தது, அடக்கிக்கொண்டேன். ஓடத் தெரியாத, பாயத் தெரியாத பிள்ளைக்கும் அந்த மைதானத்தில் இடம் கிடைப்பது அணிநடையில்தான் என்று சொன்னேன். நேரம் குறைவென்றால் விருந்தினர் உரையைக் குறையுங்கள். வெயிலென்றால் காலை ஏழரைக்குத் தொடங்குங்கள்.

"வந்து பழக்கித் தருவீங்களா?" என்றாள்.

அலுமாரியில் விசிலைத் தேடி எடுத்தேன். கயிறு இற்றுப்போயிருந்தது. பின்னேரம் கடைத்தெருவுக்குப் போய்ப் புதுக் கயிறு வாங்கி வந்தேன்.