ஸ்டோர் என்று எழுதிய அறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படித்தபோது வாரத்தில் இரண்டு மதியமும் சனிக்கிழமையும் ஒரு சின்ன ஆபீஸில் வேலை பார்த்தேன். லட்சியமெல்லாம் இல்லை. மாடல் செய்யும் அட்டைக்கும் பிரிண்ட் செலவுக்கும் அப்பாவிடம் கை நீட்டக் கூச்சம், அவ்வளவுதான். ஸ்டூடியோவில் "கான்செப்ட் என்ன?" என்பார்கள். ஆபீஸில் "டிரெய்னேஜ் பைப் எந்தப் பக்கம் போகுது?" என்பார்கள். ஒரே நாளில் இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டு, பஸ்ஸில் தூங்கி, இறங்கும் இடத்தைத் தாண்டிப் போனதும் உண்டு.

வந்ததெல்லாம் பெரும்பாலும் சாட்ஸ்வொர்த் வீடுகள். இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் வாழலாம் என்ற 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி நம்மவர்களைப் பெயர்த்துக் குடிவைக்க, 1960-களில் எழுப்பிய ஊர் அது. குடும்பம் பெருகப் பெருகப் பின்னால் ஓர் அறை, பக்கத்தில் ஒரு சமையற்கட்டு என்று கட்டிக்கொண்டே போயிருப்பார்கள். விற்கும்போதுதான் பிளான் ஞாபகம் வரும். கட்டி முடித்ததை அளந்து நகராட்சிக்கு வரைவது என் வேலை. கையெழுத்து என்னுடையதல்ல. ஆர்க்கிடெக்ட்டாகப் பதிவு பெற முதுகலை முடிக்க வேண்டும், குறைந்தது 2 ஆண்டு பயிற்சி, அப்புறம் ஒரு தேர்வு.

முதல் வீட்டிலேயே சொதப்பினேன். அறை அளவுகளைக் கூட்டினால் வெளியளவுக்கு 220 மிமீ இடித்தது. நடுச்சுவரின் கனத்தையே விட்டிருக்கிறேன்! மறுபடி போனேன். அந்த வீட்டுப் பாட்டி (ஆயா என்றுதான் கூப்பிடுவேன்) டீ போட்டு வைத்துவிட்டு, மேசையில் விரித்த பிளானைப் பார்த்தார். அவருடைய சாமி ரூமில் "ஸ்டோர்" என்று இருந்தது.

"சாமிய ஸ்டோர்ல வச்சிட்டியா?" தமிழும் இங்கிலீஷும் கலந்துதான் பேசுவார், இதை மட்டும் சுத்தத் தமிழில் கேட்டார்.

ஆபீஸ் கணக்கில் தப்பில்லை. ஆள் புழங்கும் அறை என்றால் குறைந்தது 6 சதுர மீட்டர் வேண்டும், தரையில் பத்தில் ஒரு பங்காவது வெளிச்சத்துக்குத் திறப்பு வேண்டும். இந்த அறை 4.2 சதுர மீட்டர், ஜன்னலே இல்லை. ஸ்டோர் என்று எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அவர் முகத்துக்கு நேரே இந்தக் கணக்கைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

ஜன்னல் ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன். காற்றில் விளக்கு அணையுமாம். காமாட்சி விளக்கு மாடத்தோடு சேர்த்து எவ்வளவு உயரம் என்று டேப் வைத்தேன்: 1,340 மிமீ. திரும்பி வந்து "பிரேயர் ரூம்" என்று மாற்றி எழுதி, 1,900 மிமீ உயரத்துக்கு மேல் ஒரு சின்ன ஜன்னல் வரைந்தேன். மேலாளர் முணுமுணுத்தார், ஆனால் அதை அடித்துத் திருத்தவில்லை. ஸ்டூடியோவில் அதுவரை எந்த ஜன்னலுக்கும் நான் இத்தனை கேள்வி கேட்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை பெருமையோடு ஆயாவிடம் காட்டினேன்.

"சரி, மழை அடிச்சா?" என்றார்.

சன்ஷேட் வரைய மறந்திருந்தேன்.