மீன் தொட்டி மணலை அள்ளிக் கழுவாதீர்கள்

மாதத்துக்கு ஒருமுறை மீன்களை எல்லாம் பக்கெட்டில் பிடித்துப் போட்டு, தொட்டித் தண்ணீரை மொத்தமாகக் கொட்டி, மணலை அள்ளிக் குழாயடியில் தெளிகிற வரை அலசி, போதாததற்குக் கல் உப்பு போட்டுத் தேய்த்து மறுபடி நிரப்புவது நம் ஊரில் பல வீடுகளில் வழக்கம். தொட்டி பளிச்சென்று இருக்கும். இரண்டு மூன்று நாளில் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கும், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், அப்புறம் ஒவ்வொன்றாகச் சாகும். 'நல்லாத்தானே கழுவினேன்' என்று என்னிடம் வருத்தத்தோடு கேட்டவர்கள் நிறைய பேர். அந்த மணலில் என்ன இருந்தது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

மீன் வெளியேற்றும் அம்மோனியாவில் பெரும்பகுதி அதன் செவுள் வழியாகவே தண்ணீரில் கலக்கிறது. மிச்சம் தின்னாத தீனியும் கழிவும் அழுகி வருவது. இந்த அம்மோனியா மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும், அந்த நிலையில் ஓரளவு வரை மீன் தாங்கிக்கொள்ளும். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் சும்மா மிதப்பதில்லை. ஃபில்டர் பஞ்சிலும், மணலின் மேல்பகுதியிலும், கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. புதுத் தொட்டியில் இவை போதுமான அளவு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் மணலையும் பஞ்சையும் ஒரே நாளில் அலசினால் அந்த வேலை முழுக்க முதலிலிருந்து தொடங்க வேண்டும், ஆனால் மீன்கள் அத்தனையும் அதே தொட்டிக்குள் இருக்கும்.

அதனால் மணலை தொட்டிக்குள்ளேயே, மீன் நீந்திக்கொண்டிருக்கும்போதே சுத்தம் செய்யுங்கள்.

கலர் கல் போட்ட தொட்டியில் அழுக்கு கல் இடுக்கில் இறங்கிவிடும், சைஃபன் குழலை (நீள ட்யூபின் முனையில் அகன்ற வாயுள்ள குழல், தண்ணீரோடு அழுக்கை உறிஞ்சி எடுப்பது) உள்ளே குத்தித்தான் எடுக்க வேண்டும். நல்ல மணலில் அப்படி இல்லை, அழுக்கு மேலேயே படுத்திருக்கும். பக்கெட்டைத் தொட்டியைவிடத் தாழ்வாக வையுங்கள். ட்யூபை முதலிலேயே தண்ணீருக்குள் முக்கி நிரப்பி, ஒரு முனையை விரலால் அடைத்து வெளியே எடுத்து, பக்கெட்டுக்குள் இறக்கி விரலை விட்டால் தண்ணீர் தானாக இறங்கும். வாயால் உறிஞ்ச வேண்டாம், கையில் காயம் இருந்தால் கையுறை இல்லாமல் தொட்டிக்குள் கைவிடவும் வேண்டாம். மீன் தொட்டித் தண்ணீரிலிருந்து தோலில் தொற்றக்கூடிய கிருமிகள் உண்டு. குழலின் அகன்ற வாயை மணலுக்கு ஒரு விரல்கட்டை உயரத்தில் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். பழுப்புப் புழுதி மேலே ஏறிப் போவதும், கூடவே எழும்பும் மணல் குழலுக்குள் அரையடி வரை சுழன்று, பாரம் தாங்காமல் திரும்ப விழுவதும் கண்ணுக்கு நேராகத் தெரியும். மணல் ரொம்ப மேலே ஏறினால் ட்யூபை மடக்கிப் பிடியுங்கள், வேகம் குறைந்து விழுந்துவிடும், விட்டால் மறுபடி இழுக்கும். இந்தக் கைப்பழக்கம் வந்துவிட்டால் மணல் அநேகமாகக் குறையவே குறையாது. கால்வாசித் தண்ணீர் இறங்கியதும் நிறுத்திவிடுங்கள், மூலையில் அழுக்கு மிச்சம் இருந்தாலும் பரவாயில்லை, அது அடுத்த வாரத்துக்கு. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: ஆரம்பிக்கும் முன் ஃபில்டரை அணைத்துவிடுங்கள். கிளம்புகிற மணல் மோட்டாருக்குள் போனால் உள்ளே சுழல்கிற பகுதி தேய்ந்துவிடும்.

மணலின் ஆழத்தில் என்ன செய்வது? உயரம் இரண்டு அங்குலத்துக்குள் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அதற்கு மேல் குவித்தால், ஆக்சிஜன் போகாத அடிப்பகுதியில் மணல் கறுக்கும், கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைட். கறுப்பு, இரும்போடு அது சேர்ந்து உண்டாவது. அப்படிக் கண்டால் கையை விட்டு மொத்தத்தையும் ஒரேயடியாகப் புரட்டாதீர்கள். ஒரு வாரத்துக்கு ஒரு மூலை என்று எடுத்துக்கொண்டு, குழலை அந்த இடத்தில் மட்டும் இறக்கி, கிளம்புவதை உடனே உறிஞ்சி வெளியேற்றுங்கள். வேர் ஓடும் செடி வைத்திருந்தால் வேரடியில் கை வைக்கவே வேண்டாம், அந்த வேர்களே மணலுக்குள் ஆக்சிஜனைக் கொண்டுபோகும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, இந்த வேலையில் பாதியைச் செய்து கொடுக்கும் உயிர்கள். கடையில் போனால் தென் அமெரிக்கக் கோரிடோராஸைக் கை காட்டுவார்கள், நல்ல மீன்தான். ஆனால் நம் ஆற்று மணலிலேயே பிறந்து வளர்கிற அயிரையை ஏன் யாரும் நினைப்பதில்லை? மதுரைப் பக்கம் குழம்புக்குப் பேர்போன அதே அயிரை. சமைக்கும் முன் பாலில் விட்டு மண்ணைக் கக்க வைப்பார்களே, அந்த அளவுக்கு மண்ணோடு புழங்கும் மீன் அது. என் தொட்டியில் கண்ணும் மூக்கும் மட்டும் தெரியப் புதைந்து கிடக்கும். தீனி விழுந்ததும் வெளியே வந்து, மணலை வாயில் அள்ளி, தின்ன வேண்டியதைத் தின்றுவிட்டு மிச்சத்தைச் செவுள் வழியாகத் தள்ளிக்கொண்டே போகும். அது போன இடத்தில் மணல் புதிதாகப் புரட்டியது போல வெளுத்திருக்கும். கூட்டமாக விடுங்கள், தனியாக விட்டால் ஒளிந்தே கிடக்கும். வலையால் பிடிக்காதீர்கள், கண்ணுக்குக் கீழே இருக்கும் முள் வலையில் சிக்கிக்கொள்ளும், கிண்ணத்தால் மொண்டு எடுங்கள்.

இன்னொன்று ட்ரம்பெட் நத்தை. நீளமாகக் கூம்பு மாதிரி இருக்கும், நம் குளங்களிலும் வாய்க்கால்களிலும் சாதாரணமாகக் கிடைப்பதுதான். பகல் முழுக்க மணலுக்குள் உழுதுகொண்டிருக்கும், இரவில் மேலே வரும். தீனி அதிகமானால் மளமளவென்று பெருகும், அதைப் பார்த்தே தீனியைக் குறைத்துக்கொள்ளலாம். பட்டப்பகலில் அத்தனையும் கண்ணாடியில் ஏறி நின்றால் முதலில் ஏர் பம்ப் ஓடுகிறதா என்று பாருங்கள், அதுவும் சித்திரை வெயிலில், ஏனென்றால் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே தங்கும்.

இந்த இரண்டுக்கும் மணல் சரியாக இருக்க வேண்டும். எம்-சாண்ட் உடைத்த கல், முனை கூர்மை, அயிரையின் மீசை தேய்ந்து புண்ணாகிவிடும். கடற்கரை மணல் வேண்டாம், சிப்பித் தூள் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மை ஏறும், போர் தண்ணீர் ஏற்கெனவே கடினம். எந்த மணல் வாங்கினாலும் ஒரு பிடியில் வினிகர் ஊற்றிப் பாருங்கள், நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. வழவழப்பான, அரை முதல் ஒரு மில்லிமீட்டர் சிலிக்கா மணல் போதும். அதைப் போடும் முன் எத்தனை தடவை வேண்டுமானாலும் அலசிக்கொள்ளுங்கள், அந்த ஒரு சமயத்தில்தான் அலசலாம்.

மணலை உறிஞ்சிய அன்று ஃபில்டர் பஞ்சைத் தொடாதீர்கள். இடையில் வேறொரு நாளில், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்து வையுங்கள். புதுத் தண்ணீரில் ஆன்டி குளோரின் விட்டு, மணலில் குழி விழாமல் ஒரு தட்டின் மேல் மெதுவாக ஊற்றுங்கள். புழுதி அடங்கியதும் ஃபில்டரைப் போடுங்கள், அரை மணி நேரம் போதும், பல மணி நேரம் அணைத்தே வைத்தால் பஞ்சில் இருக்கும் பாக்டீரியாவும் மூச்சு முட்டிச் சாகும். பக்கெட்டில் சேர்ந்த அழுக்குத் தண்ணீர் மாடித் தோட்டத்துக்கு அருமையான உரம். மீனுக்கு மருந்தோ உப்போ போட்டிருந்தால் மட்டும் செடிக்கு ஊற்ற வேண்டாம்.