சர்க்கரை இல்லாதவளின் நடை

2025 பிப்ரவரி 3, திங்கள்

மதுரை பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் டாக்டர், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் எஸ்சிடாலோபிராம் என்ற மாத்திரையை எழுதிவிட்டு, அதற்குக் கீழேயே "தினமும் 30 நிமிடம் வேகநடை" என்றும் எழுதினார். மருந்துக் கடைக்காரர் இரண்டையும் படித்துவிட்டு, "சர்க்கரையும் இருக்கிறதாம்மா?" என்று கேட்டார்.

கார்த்திகையிலிருந்தே இப்படித்தான். எனக்கு அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலை. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தும் விட்டுப்போன ஒற்று கண்ணில் படுவதில்லை. விடிகாலையில் நெஞ்சு படபடத்து எழுப்பிவிடுகிறது. எழுந்த பிறகு உடம்பு அசைய மாட்டேன் என்கிறது. பதற்றமும் சோர்வும் ஒரே ஆளுக்கு எப்படி வரும் என்று டாக்டரிடம் கேட்டேன். பெரும்பாலும் சேர்ந்துதான் வரும் என்றார். ஈ.சி.ஜி., தைராய்டு இரண்டிலும் குறை இல்லை.

நடக்கத் தெம்பிருந்தால் இங்கு ஏன் வரப்போகிறேன் என்று வாய்வரை வந்தது. பின்னால் வரிசை நீண்டிருந்ததால் எழுந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 8, சனி

போகவில்லை. வாங்கிய ஷூ பெட்டியிலேயே இருக்கிறது.

சின்ன நாத்தனார் போனில் பேசினாள். "சும்மா உட்கார்ந்திருப்பதால்தான் கண்டதையும் நினைக்கிறீர்கள், மதினி. நாலு எட்டு நடந்தால் எல்லாம் பறந்துவிடும்." டாக்டர் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். ஆனாலும் அவர் சொன்னபோது சிகிச்சையாகத் தெரிந்தது, இவள் சொல்லும்போது குற்றப்பத்திரிகையாகத் தெரிகிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம், தெப்பத் திருவிழா. அனுப்பானடி வரைக்கும் கூட்டம். மாடியில் நின்று கொஞ்சம் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டேன். எதிர்வீட்டு அக்கா சுண்டலோடு வந்தார். சீட்டில் எழுதியிருந்ததைப் படித்தவர், "கூட்டம் கலையட்டும். வியாழக்கிழமை காலை ஐந்தரைக்குக் கதவைத் தட்டுவேன்" என்றார். என்னிடம் சம்மதம் கேட்கவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

நிஜமாகவே தட்டுகிறார். நான் திறக்காவிட்டால் பால்காரர் காதில் விழும்படி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அந்த மானக்கேட்டுக்கு நடந்துவிடுவதே மேல்.

வண்டியூர்த் தெப்பக்குளம் திருமலை நாயக்கர் காலத்தது. ஒரு பக்கம் ஏறக்குறைய ஆயிரம் அடி. ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல். விடிவதற்கு முன்பே அருகம்புல் சாறு விற்பவர் கேனை இறக்கிவிடுகிறார். மைய மண்டபம் இருட்டிலிருந்து மெல்ல வெளுத்துவரும். நடப்பவர்கள் அதைப் பார்ப்பதில்லை, சர்க்கரையைப் பற்றிப் பேசுகிறார்கள். மகன் வாங்கிய மார்க்கைச் சொல்வதுபோல் மூன்று மாதச் சராசரியைச் சொல்லிக்கொள்கிறார்கள்: "எனக்கு ஏழு புள்ளி இரண்டு." "பரவாயில்லையே, போனமுறை எட்டு இல்லையா?"

ஒரு அம்மா என்னைப் பார்த்து, "உனக்கு எவ்வளவு?" என்றார். நான் விழித்தேன். அக்கா முந்திக்கொண்டு, "இவளுக்கு இப்போதுதான் ஆரம்பம்" என்றார். அன்றிலிருந்து தெப்பக்குளத்தில் எனக்குச் சர்க்கரை. சர்க்கரை என்றால் எல்லாரும் வழிவிட்டு, வெந்தயம் ஊறவைக்கச் சொல்கிறார்கள். மனச்சோர்வு என்றிருந்தால் வீட்டில் என்ன பிரச்சினை என்ற விசாரணை இரண்டாவது சுற்றிலேயே தொடங்கியிருக்கும்.

மார்ச் 2, ஞாயிறு

கோயம்புத்தூரில் பிசியோதெரபி படிக்கும் மகள் ஆய்வுக் கட்டுரைகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறாள். என் பிழைப்பே பிழை தேடுவது என்பதால் அந்தக் கண்ணோடுதான் படித்தேன்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளுமென்தால் குழுவினர் 1999இல் வெளியிட்டது ஒன்று. கடும் மனச்சோர்வு உள்ள, 50 வயதைத் தாண்டிய 156 பேர். ஒரு பிரிவுக்கு வாரம் மூன்று முறை மேற்பார்வையோடு உடற்பயிற்சி, ஒரு பிரிவுக்குச் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை, ஒரு பிரிவுக்கு இரண்டும். மாத்திரைக்காரர்கள் முதலில் வேகமாகத் தேறினார்கள். 16 வாரம் முடிந்தபோது மூன்று பிரிவும் ஏறக்குறைய சமம்.

இதை மட்டும் பிடித்துக்கொண்டு மாத்திரையைத் தூக்கிப்போடச் சொல்லும் வாட்ஸ்அப் செய்திகள் எனக்கும் வந்தன. அந்த ஆய்வில் ஒன்றுமே செய்யாத பிரிவு இல்லை. அதே குழு 2007இல் 202 பேரை வைத்து, மருந்தே இல்லாத வெற்று மாத்திரைப் பிரிவையும் சேர்த்து மறுபடி பார்த்தது. நான்கு மாதத்தில் நோய் நீங்கியவர்கள்: மருந்தில் 47 சதவீதம், கூடிச் செய்த பயிற்சியில் 45, வீட்டில் தனியாகச் செய்த பயிற்சியில் 40, வெற்று மாத்திரையில் 31. மருந்தும் பயிற்சியும் இல்லாமலே தேறிய அந்த 31ஐ மகளிடம் சுட்டிக்காட்டினேன். "அம்மா, உனக்கு வயிற்றெரிச்சல்" என்றாள்.

அதைவிட என்னை நிறுத்தியது 2012இல் பிரிட்டனில் 361 பேரிடம் நடந்த ஆய்வு. வழக்கமான சிகிச்சையோடு, உடலை அசைக்கச் சொல்லி ஆலோசகர் ஊக்கமும் கொடுத்தார்கள். அவர்கள் முன்பைவிட அதிகமாக உடலை அசைத்தார்கள். மனச்சோர்வோ, ஆலோசனை பெறாதவர்களைவிடக் கூடுதலாகக் குறையவில்லை. நாத்தனாருக்கு இதை அனுப்பலாமா என்று யோசித்தேன்.

சொல்லி அனுப்புவது வேறு, கூடவே வருவது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. இதை எந்த ஆய்வும் நிரூபித்ததாக நான் சொல்லவில்லை. கதவைத் தட்டும் ஆள் இல்லாவிட்டால் அந்த ஷூ இன்னும் பெட்டியில்தான் இருந்திருக்கும்.

மார்ச் 23, ஞாயிறு

மகள் வந்திருந்தாள். கீழக்குயில்குடி சமணமலைக்கு அழைத்துப் போனாள். தாமரைக்குளம், அய்யனார் கோயில், பிறகு பாறையில் வெட்டிய படிகள். பாதி ஏறியதும் நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. விடிகாலையில் வரும் அதே அடி: காது அடைத்து, விரல் நுனி குளிர்ந்து, "இதோ வந்துவிட்டது" என்கிற அதே பயம். கம்பியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன்.

மகள் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. மணிக்கட்டைப் பிடித்து எண்ணினாள். "நூற்று முப்பத்திரண்டு. படி ஏறினாய் அம்மா, அதனால்தான் அடிக்கிறது. எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்ப்போம்." அவள் விரல் என் கையில் இருக்க, போனில் நொடி ஓடியது. நூற்றுப் பத்து. தொண்ணூற்று எட்டு. நான் எதுவும் செய்யவில்லை, அதுவாகவே இறங்கியது. மறுபடி ஏறினோம், மறுபடி அடித்தது. இந்த முறை நானே எண்ணினேன். பேச்சிப்பள்ளத்தில் வரிசையாக இருக்கும் தீர்த்தங்கரர்களையும் அவர்களுக்குக் கீழே உள்ள வட்டெழுத்தையும் நின்று பார்க்கிற அளவுக்குப் புத்தி தெளிந்திருந்தது.

படபடப்பு வந்தால் மூளை அதை ஆபத்து என்று வாசிக்கிறது. அந்தப் பயமே துடிப்பை இன்னும் கூட்டுகிறது. உடற்பயிற்சி அதே துடிப்பை வேறொரு காரணத்தோடு கொண்டுவந்து, அது அடங்குவதையும் காட்டிவிடுகிறது. மகள் பாடத்தில் படித்ததை எனக்குப் பாறையில் நடத்தினாள்.

ஆனால் 1998இல் ஜெர்மனியில், திடீர் திடீரென்று பெரும்பயம் தாக்கும் பீதி நோய் உள்ள 46 பேரிடம் பத்து வாரம் பார்த்தபோது, ஓட்டம் வெற்று மாத்திரையை வென்றது. குளோமிப்ரமின் மருந்து ஓட்டத்தையும் வென்றது, அதுவும் சீக்கிரமாக. மருந்துப் பிரிவில் ஒருவரும் பாதியில் விலகவில்லை. ஓட்டப் பிரிவில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் விலகிவிட்டனர். அந்த விலகியவர்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

ஏப்ரல் 10, வியாழன்

மோசமான வாரம். அக்கா பேத்தி காதுகுத்துக்கு உசிலம்பட்டி போயிருக்கிறார். நான் கட்டிலை விட்டு எழவில்லை. மாத்திரை மட்டும் தவறவில்லை.

மே 12, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கினார். அக்கினி வெயிலில் ஆறரைக்கு மேல் தெப்பக்குளத்தில் நிற்க முடியவில்லை, ஐந்துக்கே கிளம்பிவிடுகிறோம். இன்று ஊரே நடந்தது. எங்களுக்கென்று தனியாக நடை எதற்கு?

நார்வேயில் 33,908 பேரை 11 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்றை நேற்றிரவு படித்தேன், 2018இல் வந்தது. எல்லாரும் வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது உடற்பயிற்சி செய்திருந்தால், பின்னாளில் மனச்சோர்வு வந்தவர்களில் 12 சதவீதம் பேருக்கு அது வராமல் இருந்திருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பதற்றத்துக்கு அப்படியொரு பாதுகாப்பு தெரியவில்லை. நாளுக்கு அரை மணி நேரம் என்று பயமுறுத்தாமல், வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தொடங்கியிருந்தால் பிப்ரவரியில் நான் அந்தச் சீட்டைக் கண்டு அவ்வளவு மிரண்டிருக்க மாட்டேன்.

ஜூன் 9, திங்கள்

டாக்டரிடம் போனேன். மனச்சோர்வை அளக்கும் வினாத்தாளில் மதிப்பெண் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. மாத்திரையாலா, நடையாலா என்று கேட்டேன். "இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினீர்கள், எப்படிப் பிரித்துச் சொல்வது?" என்றார். நேர்மையான பதில்.

நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், தேறிய பிறகும் ஆறு மாதமாவது மாத்திரை வேண்டும் என்றார். தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். மகள் ரப்பர் பட்டை அனுப்புகிறாளாம். அச்சகத்தில் பாடநூல் மெய்ப்பு குவிந்திருப்பதால் இந்த வாரம் நடை மாலைக்கு மாறுகிறது. மாலையில் குளத்தைச் சுற்றிலும் பஜ்ஜிக் கடை. சர்க்கரைக்காரர்கள் பாடு திண்டாட்டம்தான். நான் இரண்டு வாழைக்காய் பஜ்ஜி சாப்பிடுவதாக இருக்கிறேன்.