பாதிச் சோறு

"டாக்டர், ஜிம்மி இன்னிக்குச் சோத்துல பாதியை அப்படியே வச்சிட்டான்."

"நல்லதுதாம்மா. மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"அப்படியா... சரி டாக்டர்."

இவ்வளவுதான் பேச்சு, ஒரு நிமிஷம்கூட இருக்காது. சனிக்கிழமை சாயங்காலம், மேசையில் ஒரு பூனைக்குக் காது சுத்தம் செய்துகொண்டே போனைத் தோளில் இடுக்கியபடி பேசினேன். அந்த "அப்படியா"வுக்கும் "சரி"க்கும் நடுவில் அவர் கொஞ்சம் தயங்கினார். அப்போது அது என் காதில் விழுந்ததா, இல்லை பின்னால் நானாகச் சேர்த்துக்கொண்டேனா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

நான் சொன்னது பொய் இல்லை. குஷிங் என்ற ஹார்மோன் வியாதி வந்த நாய் சோற்றுக்கு அலையும். உடம்பில் கார்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரப்பதால் பசி அடங்கவே அடங்காது. ஜிம்மி பதினோரு வயது ஸ்பிட்ஸ், ஒன்பது கிலோ. பூஜைக்கு வைத்த தேங்காய் மூடியைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஓடியவன். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிப்பான், கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். வயிறு பானைபோலத் தொங்கி, முதுகில் முடி கொட்டி, ராத்திரி முழுக்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். கார்டிசாலைக் குறைக்கிற டிரைலோஸ்டேன் மாத்திரை ஆரம்பித்தால் முதலில் குறைவது தாகமும் பசியும்தான். எட்டாவது நாள் சோறு குறைகிறது என்றால் எந்த டாக்டரும் முதலில் சந்தோஷம்தான் படுவார்.

ஆனால் அந்த மருந்து ரொம்ப நன்றாக வேலை செய்துவிட்டாலும் முதலில் குறைவது அதே சோறுதான். கார்டிசால் தேவைக்கும் கீழே இறங்கிவிட்டால் நாய் சாப்பிடாது, வாந்தி எடுக்கும், சுருண்டு படுக்கும். மருந்து கேட்பதற்கும் மருந்து கூடிப்போனதற்கும் முதல் அடையாளம் ஒன்றாக இருக்கிறது. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. மருந்து கொடுத்த அன்றே "வாந்தி, பேதி, சோர்வு, சாப்பாடு இறங்காதது, எது இருந்தாலும் போன் பண்ணுங்க" என்று அந்த அம்மாவிடம் சொல்லித்தான் அனுப்பினேன். அவரும் சொன்னபடி போன் பண்ணினார். நான்தான் நல்லது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை அவருடைய மகன் ஜிம்மியைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் கொண்டு வந்தார். காது மடல் ஜில்லென்று இருந்தது, ஈறு வெளுத்திருந்தது. அவ்வளவு சின்ன நாய்க்கு, அதுவும் அந்த நிலைமையில், இதயம் படபடவென்று அடிக்க வேண்டும். நிமிஷத்துக்கு அறுபதுதான் இருந்தது. ரத்தத்தில் சோடியம் இறங்கி, பொட்டாசியம் ஏழைத் தாண்டியிருந்தது. சலைன் ஏற்றி, டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டோம். "ஸ்டீராய்டு அதிகமா சுரக்குதுன்னுதானே மாத்திரை கொடுத்தீங்க டாக்டர், இப்ப அதையே ஊசியா போடறீங்களே" என்று மகன் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, புரிந்துகொள்ளத்தான் கேட்டார். பதில் சொன்னேன். சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிறும் திங்களும் என்ன நடந்தது என்று அப்புறம் அவர் சொன்னார். தயிர் சாதத்தை ஒரு நக்கு நக்கிவிட்டு, தட்டுக்குப் பக்கத்திலேயே தாடையைத் தரையில் வைத்துப் படுத்துவிட்டானாம். "சாப்பிடாட்டியும் மாத்திரையை மட்டும் நான் விடலை டாக்டர், வாயைத் திறந்து உள்ளே தள்ளிட்டேன்." சோற்றோடு கொடுக்க வேண்டிய காப்ஸ்யூல், சாப்பிடாத நாய்க்குக் கொடுக்கவே கூடாத காப்ஸ்யூல். அவ்வளவு அக்கறையாகக் கொடுத்திருக்கிறார். மறுபடி ஏன் போன் பண்ணவில்லை என்று நான் கேட்கவில்லை. நல்லது என்று டாக்டர் சொன்ன பிறகு யார் பண்ணுவார்கள்?

சில நாள் வேறு மாதிரி யோசிக்கிறேன். தப்பு அந்தப் பேச்சில் இல்லை, அளவில்தான் என்று. 10 மில்லிகிராம் காப்ஸ்யூல் அன்று கிடைக்கவில்லை, 30 இருந்தது. ஒன்பது கிலோவுக்கு 30 என்பது மருந்து அட்டையில் போட்டிருக்கும் அளவுக்குள்தான் வருகிறது. ஆனாலும் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமில் தொடங்கி மெதுவாக ஏற்றுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும் இரண்டு நாள் பொறுத்து 10 வரவழைத்திருக்கலாம். புதன்கிழமை கார்டிசால் டெஸ்ட்டுக்கு நாள் குறித்திருந்தோம், மாத்திரை போட்ட நாலு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பதாக இருந்தது. ஒரு நாள் முந்திக்கொண்டது. நியாயமாகப் பார்த்தால் அளவைப் பற்றித்தான் நான் அதிகம் வருத்தப்பட வேண்டும், ஆனால் தூக்கம் வராத ராத்திரியில் வருவது அந்த "நல்லதுதாம்மா"தான்.

அதற்குப் பிறகு சீட்டிலேயே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கிறேன்: சாப்பிடவில்லை என்றால் மாத்திரை வேண்டாம், முதலில் போன். அதுவும் முழுசாகச் சரியா என்று தெரியவில்லை. ஒரு லாப்ரடார் வீட்டில் லேசாகச் சுணங்கினால்கூட, என்னையும் கேட்காமல், மாத்திரையை நிறுத்தி நிறுத்தி, இரண்டு மாதத்தில் பழையபடி தண்ணீர் தாகம், தோலெல்லாம் புண். நான் பயமுறுத்தியதால்தான் அப்படிச் செய்தார்கள். இப்போது போனில் நாலு கேள்வி கேட்கிறேன்: தட்டுக்கு ஓடி வந்தானா, மோந்து பார்த்துத் திரும்பிக்கொண்டானா, கூப்பிட்டால் எழுந்து வருகிறானா, வியாதி வருவதற்கு முன்னால் எவ்வளவு சாப்பிடுவான். அன்றைக்கு இதைக் கேட்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். பூனை காத்திருந்திருக்கும்.

ஜிம்மி பிழைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் தலை தூக்கினான். சில வாரம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுத்து 10 மில்லிகிராமில் ஆரம்பித்தோம். இப்போது பின்னங்கால் விறைப்பாக நடக்கிறான். கூடுதல் கார்டிசால் இத்தனை நாள் மூட்டு வலியை மூடி வைத்திருந்தது, அது இறங்கியதும் வலி வெளியே வந்துவிட்டது. இதைப் பக்கவிளைவு என்று சொல்வதா, வியாதி அடங்கிவிட்டது என்று சொல்வதா என்று அந்த அம்மாவுக்கு விளக்குவதற்குள் எனக்கே குழம்பிவிடுகிறது.

"நான்தான் டாக்டர் மாத்திரையைத் திணிச்சுத் திணிச்சு..." என்று ஒருநாள் அழுதார். "இல்லம்மா, உங்க தப்பு எதுவும் இல்ல" என்றேன். அதற்கு மேல் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை, அடுத்த ஆள் வேறு காத்திருந்தார்.

போன வாரம்கூடப் போன் பண்ணினார். "இட்லி ரெண்டுல ஒண்ணைத்தான் சாப்பிட்டான். நல்லதுதானே டாக்டர்?"